பாஸ் தூண்டில்: கோலை விட்டு இரையிலிருந்து தொடங்குங்கள்

பாஸ் மீன் பிடிக்கக் கிளம்பும் புதியவர் பெரும்பாலும் முதலில் வாங்குவது தூண்டில் கோல். கையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பார், கைப்பிடி பிடித்துப்போகும், வாங்கிவிடுவார். பிறகு அதற்கு ஒரு ரீல், அதில் சுற்ற ஏதோ ஒரு நரம்பு, கடைசியாகக் கண்ணுக்கு அழகான நாலைந்து செயற்கை இரைகள். தண்ணீருக்குப் போனதும் சிக்கல் தொடங்கும். வீசிய இரை காலடியிலேயே விழும். மீன் கவ்வியது கைக்குத் தெரியாது. கவ்விய மீனும் கரைக்கு வருமுன் கழன்றுவிடும். தனக்குக் கைவரவில்லை என்று நினைத்துப் பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். அவர்கள் வாங்கிய வரிசைதான் தவறு.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்தத் தண்ணீரில் பிடிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். அந்தத் தண்ணீருக்கு எந்த இரை என்று முடிவு செய்யுங்கள். அந்த இரையின் எடை கோலைச் சொல்லும். கோல் ரீலையும் நரம்பையும் சொல்லும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது. செயற்கை இரையை இனிப் பொய்யிரை என்றே சொல்கிறேன்.

மீனைப் பற்றிக் கொஞ்சம்

பாஸ் என்ற பெயரில் பல மீன்கள் உண்டு. கடலோரக் கொடுவாயையும் ஆங்கிலத்தில் சீ பாஸ் என்கிறார்கள். இங்கே பேசுவது நன்னீரில் வாழும் லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்ற இரண்டைப் பற்றி. இரண்டும் வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. பிறகு ஜப்பான், தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின் என்று பல நாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டவை. வாயை மூடியிருக்கும்போது மேல்தாடையின் முனை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் அது லார்ஜ்மவுத். கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் ஸ்மால்மவுத்.

லார்ஜ்மவுத் துரத்தித் திரிவதைவிடப் பதுங்கிக் காத்திருக்கும் மீன். பாசிக் கொடி, நாணல், நீரில் மூழ்கிய மரம், படகுத்துறையின் நிழல், பாறை இடுக்கு என்று ஏதாவது ஒன்றை ஒட்டி நிற்கும். இரை அருகில் வந்ததும் அந்தப் பெரிய வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். உள்ளே போனது இரையல்ல என்று தெரிந்தால் அதே வேகத்தில் துப்பியும் விடும். கண் நன்றாகத் தெரியும். கலங்கிய நீரில் உடலின் பக்கக்கோடு வழியாக அதிர்வை உணர்ந்தே இரையைக் கண்டுபிடித்துவிடும். கோல், நரம்பு, இரை என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இந்தச் சில வரிகளிலிருந்துதான் வருகிறது.

எவ்வளவு பெரிதாகும் என்று எல்லோரும் கேட்பார்கள். 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த லார்ஜ்மவுத் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல். அந்தச் சாதனையை 77 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல் எடை கொண்டிருந்தது. பழைய சாதனையை முறியடிக்க அந்த வித்தியாசம் போதாது என்பதால் இரண்டும் சமம் என்றே பதிவாகியிருக்கிறது. உங்கள் தூண்டிலுக்கு வரப்போவது பெரும்பாலும் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரையிலான மீன்கள். அதற்கேற்ற சாமான் போதும்.

முதல் படி: தண்ணீரைப் பாருங்கள்

எதையும் வாங்கும் முன் ஒரு நாள் வெறுங்கையோடு கரையில் நடந்துவிட்டு வாருங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். முழங்காலளவு நீரில் உங்கள் பாதம் தெரிகிறதா? கரையிலிருந்து எறியும் தூரத்துக்குள் பாசியும் கொடியும் அடர்த்தியா, இல்லை திறந்த நீரா? ஆழம் ஓரத்திலேயே சட்டென்று இறங்குகிறதா, மெல்லச் சரிகிறதா? சூரிய ஒளியின் கூச்சத்தை வெட்டும் போலராய்டு கண்ணாடி ஒன்று இருந்தால் நீருக்கடியில் கிடக்கும் கட்டைகள்கூடத் தெரியும். பிற்பாடு முள் முகத்துக்குத் தெறித்து வரும் நாளில் அதே கண்ணாடி கண்ணையும் காக்கும். என் கணக்கில் கோலுக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் அது.

அந்த நீருக்கான உரிமம், பிடிக்கத் தடையான மாதங்கள், வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் குறைந்தபட்ச நீளம் ஆகியவற்றையும் அதே நாளில் விசாரித்துவிடுங்கள். பாஸ் வெளியிலிருந்து வந்து பரவிய நாடுகளில் விதிகள் வேறு மாதிரி இருக்கும். ஜப்பானில் அதை உயிரோடு வேறிடத்துக்கு எடுத்துச் செல்வதே குற்றம்.

இரண்டாம் படி: நான்கு பொய்யிரைகள்

பொய்யிரைகள் ஆயிரக்கணக்கில் விற்கின்றன. தொடங்குபவருக்கு நான்கு போதும் என்பது என் உறுதியான கருத்து. நீரின் அடி, நடு, மேல் என்று மூன்று மட்டங்களையும் இந்த நான்கு எட்டிவிடும்.

முதலாவது மென்மையான பிளாஸ்டிக் புழு. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோவைச் சேர்ந்த நிக் கிரீம் இப்படிப்பட்ட புழுவைச் சமையலறையில் வார்க்கத் தொடங்கினார் என்பது இத்துறையின் வரலாறு. இன்று பல வடிவங்கள் உண்டு. புதியவருக்கு ஏற்றது பென்சில் போல நேராக, தடிமனாக, ஐந்து அங்குல நீளத்தில் இருக்கும் ஸ்டிக் வகை. உப்புக் கலந்து வார்த்திருப்பதால் அதுவே பத்து கிராம் அளவுக்கு எடை இருக்கும். ஈயம் கட்டாமலேயே எறியலாம்.

இதைக் கோர்க்க எளிய வழி, புழுவின் நடுவில் சிறிய முள்ளை ஒருமுறை குத்தி விடுவது. வாக்கி ரிக் என்பது அதுதான். நீரில் விழுந்ததும் புழு இரண்டு முனைகளும் துடிக்க மெல்ல இறங்கும். நீங்கள் செய்ய வேண்டியது அதை இறங்க விடுவது மட்டுமே. பொறுமை இல்லாமல் சுற்றத் தொடங்கினால் அந்தத் துடிப்பு போய்விடும்.

பாசி இருக்கும் இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள் ஒவ்வொரு எறிதலிலும் குப்பையை அள்ளிக்கொண்டு வரும். அங்கே டெக்சஸ் ரிக் வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே செய்யும் சிறு பிழை நாள் முழுவதையும் வீணாக்கும். கழுத்தில் மடிப்புள்ள, அகன்ற வளைவுள்ள 3/0 அல்லது 4/0 அளவு ஆஃப்செட் முள்ளை எடுங்கள். நரம்பில் முதலில் துப்பாக்கிக் குண்டு வடிவ எடையைக் கோர்த்து, அதன் கூர்முனை கோலைப் பார்க்கும்படி வைத்து, பிறகு முள்ளைக் கட்டுங்கள். முள்முனையைப் புழுவின் தலையில் நேராக அரை சென்டிமீட்டர் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளை இழுத்து, அதன் கண் புழுவின் தலைக்குள் மறையும்வரை கொண்டுவாருங்கள். இப்போது முள்ளை அரைச் சுற்றுத் திருப்பி, புழுவின் உடல்மேல் சாய்த்து, வளைவு எங்கே வந்து உட்காருகிறது என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் குத்தி மறுபக்கம் எடுத்து, முனையைப் புழுவின் தோலில் மயிரிழை ஆழத்துக்கு மட்டும் செருகி மறையுங்கள். நரம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். புழு ஒரு கோடு போல நேராகத் தொங்க வேண்டும். கொஞ்சம் கூனியிருந்தாலும் நீரில் சுழலும். சுழன்றால் நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீனும் அதை நம்பாது. அளந்த இடம் தவறியிருக்கிறது என்று பொருள். கழற்றி மறுபடி கோர்த்துவிடுங்கள்.

எடைக்கு 1/8 அவுன்ஸ், அதாவது மூன்றரை கிராம், ஆழமற்ற நீரில் போதும். காற்று அடித்தால் அல்லது ஆழம் கூடினால் 1/4 அவுன்ஸ், 7 கிராம். ஈயத்தைவிட டங்ஸ்டன் அடர்த்தி கூடியது, அதனால் அதே எடை சிறிய உருவில் கிடைக்கும். அடியில் கல்லா மண்ணா என்பதையும் துல்லியமாகக் கைக்குச் சொல்லும். விலை கூடுதல். ஈயத்தை விழுங்கி அன்னப்பறவைகள் இறந்ததால் பிரிட்டனில் 1987 முதல் சிறிய ஈய எடைகளுக்குத் தடை இருக்கிறது. அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் கட்டுப்பாடு உண்டு. தடை இல்லாத இடத்திலும் நான் ஈயத்தை விட்டுவிட்டேன். அறுந்து அடியில் தங்கும் எடையை மறுபடி எடுக்க முடியாது.

புழுவை மீன் கவ்வுவது பல நேரம் இழுப்பாகவே தெரியாது. ஈர மரத்தை விரல் நுனியால் ஒருமுறை தட்டியது போல ஓர் அதிர்வு வரும். அதுவும் வராமல், நீர்மேல் கிடக்கும் நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அல்லது அடி தொடும் முன்பே நரம்பு இறங்குவது நின்றுவிடும். இந்த மூன்றில் எது நடந்தாலும் தொய்வைச் சுற்றி எடுத்துக் கோலை உறுதியாக மேல்நோக்கி இழுங்கள். கண்ணை நரம்பிலிருந்து எடுக்காமல் இருப்பதுதான் புழுத் தூண்டிலின் பாதி வேலை.

இரண்டாவது, ஸ்பின்னர்பெய்ட். வளைந்த கம்பியின் ஒரு கையில் சுழலும் தகடும் இன்னொரு கையில் குஞ்சம் கட்டிய முள்ளும் இருக்கும். எறிந்து சீராகச் சுற்றினால் போதும். தகடு சுழல்வது கோலின் அடிவரை துடிப்பாக வரும். துடிப்பு நின்றால் பாசி சிக்கியிருக்கிறது, அல்லது மீன் பின்னாலிருந்து வந்து கவ்வியிருக்கிறது. கலங்கிய நீருக்கும் காற்றடிக்கும் நாளுக்கும் இது ஏற்றது. வட்டமான தகடு அதிர்வைக் கூட்டும், கலங்கலுக்கு நல்லது. நீண்ட இலை வடிவத் தகடு மினுமினுப்பைக் கூட்டும், வேகமாக இழுக்கலாம், தெளிந்த நீருக்கு நல்லது. 3/8 அவுன்ஸ் எடையில் வெள்ளைக் குஞ்சம் உள்ளதாக ஒன்று வாங்குங்கள்.

மூன்றாவது கிராங்க்பெய்ட். சிறு மீன் வடிவில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்தது. முகத்தில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றும்போது அந்த நாக்கு நீரை வெட்டி இரையைக் கீழே இறக்கும். நாக்கு நீளமாகவும் சாய்வாகவும் இருந்தால் ஆழம் போகும். உங்களுக்கு வேண்டியது சதுர நாக்குள்ள, ஒரு மீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல் மட்டுமே இறங்கும் வகை. அதை எறிய வேண்டியது கட்டையும் கல்லும் கிடக்கும் இடத்தில்தான். நாக்கு கட்டையில் மோதி இரை துள்ளி விலகும் அந்தக் கணத்தில்தான் பாஸ் பாயும். மோதாமல் வெறும் நீரில் இழுத்துக்கொண்டே இருந்தால் இந்த இரையின் பலன் பாதிகூடக் கிடைக்காது. மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்காதீர்கள், நரம்பைத் தளர்த்துங்கள். மிதக்கும் உடல் என்பதால் பல சமயம் தானே பின்னால் நகர்ந்து விடுபடும்.

நான்காவது பாப்பர். நீர்மேல் மிதக்கும்; குழிந்த முகம். கோலின் நுனியைக் கீழ்நோக்கி ஒரு சிறு சுண்டு சுண்டினால் நீரைத் துப்பும். விடியலிலும் அந்தியிலும், காற்றில்லாமல் நீர் கண்ணாடி போலக் கிடக்கும்போது எடுங்கள். சுண்டிய பின் வட்ட அலைகள் முழுவதும் அடங்கும்வரை காத்திருங்கள், பிறகு அடுத்த சுண்டல். மீன் நீரைப் பிளந்துகொண்டு மேலே வரும்போது கை தானாகக் கோலை இழுக்கப் பார்க்கும். இழுத்தால் இரை மீனின் வாயிலிருந்து பறிபோகும். சத்தத்துக்கு இழுக்காமல், நரம்பில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள்.

ஜிக், தவளை, டிராப் ஷாட் எல்லாம் அருமையான முறைகள், ஆனால் பின்னால் வரட்டும். அடர்ந்த அல்லி இலைகள்மேல் இழுக்கும் தவளை வடிவப் பொய்யிரைக்குத் தடித்த கோலும் 50 பவுண்டுக்குக் குறையாமல் தாங்கும் பின்னல் நரம்பும் (இழைகளைப் பின்னிச் செய்தது) வேண்டும். இப்போது நாம் சேர்க்கும் சாமானால் அந்த இலைக்காட்டிலிருந்து மீனை இழுத்து எடுக்க முடியாது. மீன் வாயில் முள்ளோடு நரம்பு அறுந்துபோகும்.

நிறத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். தெளிந்த நீரில் பச்சையும் பழுப்பும் கலந்த, பூசணித் தோல் போன்ற மங்கிய நிறம். கலங்கிய நீரில் கருப்பு, அல்லது கருப்பும் நீலமும். பாஸின் கண் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறியும். நீலத்துக்கும் கருப்புக்கும் உள்ள வேறுபாடு அதற்குச் சரியாகப் புலப்படாது. ஆகவே ஒரே இரையின் பன்னிரண்டு வண்ணங்களை வாங்கும் பணத்தில் கூடுதலாக முட்களை வாங்குங்கள்.

மூன்றாம் படி: கோல்

நான்கு இரைகளின் எடையும் இப்போது தெரியும்: ஏறக்குறைய 7 கிராமிலிருந்து 15 கிராமுக்குள். இந்த எடைக்குத்தான் கோல் தேட வேண்டும்.

கைப்பிடிக்குச் சற்று மேலே கோலின் தண்டில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் எந்தக் கோலையும் வாங்காதீர்கள். ஏழு அடி, மீடியம், ஃபாஸ்ட், நரம்பு 6 முதல் 12 பவுண்டு, இரை 1/8 முதல் 5/8 அவுன்ஸ் என்கிற ரீதியில் இருக்கும். இதில் மீடியம் என்பது பவர், அதாவது கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. ஃபாஸ்ட் என்பது ஆக்‌ஷன், அதாவது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்கள் ஏராளம். ஃபாஸ்ட் கோலில் நுனியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளையும், மீதி விறைப்பாக நிற்கும். மாடரேட் கோல் பாதிவரை வளையும்.

இது எதற்கு? புழுவில் ஒற்றை முள் இருக்கிறது, அதுவும் பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருக்கிறது. அதை மீனின் தாடையில் ஏற்ற விறைப்பான, உடனே வேலை செய்யும் கோல் வேண்டும், அது ஃபாஸ்ட். கிராங்க்பெய்ட்டில் மெல்லிய மும்முட்கள் இருக்கின்றன. அவை மேலோட்டமாகத்தான் மாட்டும். மீன் துள்ளும்போது கோல் விறைப்பாக இருந்தால் சதை கிழிந்து முள் கழன்றுவிடும். அங்கே கோல் விட்டுக்கொடுக்க வேண்டும், அது மாடரேட். ஒரே கோலில் இரண்டும் கிடைக்காது. முதல் கோலுக்கு மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், ஆறரை முதல் ஏழடி நீளம் என்று எடுங்கள். கிராங்க்பெய்ட் எறியும்போது, மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை (டிராக்) கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் கோலின் விறைப்பை ஓரளவு ஈடுகட்டலாம்.

தண்டில் எழுதிய எடை வரம்பை மீறினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். கனம் குறைந்த இரையால் கோல் வளையாது. வளையாத கோல் இரையை உந்தாது, நீங்கள் எவ்வளவு வலிந்து வீசினாலும் பயனில்லை. கனம் கூடினால் கோல் துவண்டுவிடும், வீசும் வேகத்தில் முறியவும் கூடும். இந்த வரம்பின் நடுப்பகுதியில்தான் கோல் இதமாக வேலை செய்யும்.

கிராஃபைட் கோல் இலேசானது. சின்னத் தட்டலையும் கைக்குக் கொண்டுவரும். கண்ணாடி இழைக் கோல் கனமானது, அடி தாங்கும், மெல்ல வளையும். புழுத் தூண்டிலுக்குக் கிராஃபைட்தான். ஆனால் அதைக் கதவிடுக்கில் நசுங்க விடாதீர்கள். கரையோரம் வந்த மீனைக் கோலை நெட்டுக்குத்தாக நிமிர்த்தித் தூக்காதீர்கள். கோல்கள் முறிவது அதிகமும் இந்த இரண்டால்தான்.

வாங்கும் முன் ஒரு சோதனை. சிறிது பஞ்சை எடுத்து நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். எங்காவது ஓர் இழை சிக்கி நின்றால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் ஒவ்வொரு எறிதலிலும் நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும்.

நான்காம் படி: ரீல்

பெயிட்காஸ்டிங் ரீல் கோலின் மேல் உட்காரும். இரை பறக்கும்போது அதன் உருளையே சுழலும். ஸ்பின்னிங் ரீல் கோலின் கீழே தொங்கும். எறியும்போது உருளை அசையாது, நரம்பு மட்டும் சுருள் சுருளாகக் கழன்று போகும். முதல் வகையில் இரையின் வேகம் குறைந்த பிறகும் உருளை சுழன்றுகொண்டிருந்தால் நரம்பு பொங்கிக் குருவிக்கூடு போலச் சிக்கிவிடும். பெருவிரலால் உருளையை அளவாக அழுத்தப் பழகும்வரை இது ஓயாது. தொடங்குபவர் ஸ்பின்னிங் ரீலே எடுக்க வேண்டும். 10 கிராமுக்குக் குறைந்த இரைகளை எறிய அனுபவசாலிகளும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

2500 என்ற அளவு நம் கோலுக்குச் சரியாகப் பொருந்தும். பற்சக்கர விகிதம் 6:1க்குப் பக்கத்தில் இருக்கட்டும்; கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்பைச் சுற்றும் பகுதி ஆறு முறை சுழலும் என்பது அதன் பொருள். பேரிங் எண்ணிக்கையைப் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். கைப்பிடியை மெல்லச் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசல் இருக்கக் கூடாது. டிராக் என்ற பிடியைத் தளர்த்தி நரம்பை இழுத்துப் பாருங்கள். வெட்டி வெட்டி வராமல் ஒரே சீராக வர வேண்டும். பெரிய மீன் ஓடும்போது உங்களைக் காப்பாற்றப்போவது அந்தச் சீர்மைதான். ரீலுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டிராக் கிடைத்தால் வேறெதையும் விட்டுக்கொடுக்கலாம்.

எறிந்த பிறகு நரம்பைத் தடுக்கும் கம்பி வளையத்தைக் கைப்பிடி சுற்றி மூடாமல், கையாலேயே மூடுங்கள். மூடியதும் நரம்பை ஒருமுறை இழுத்துத் தொய்வை நீக்குங்கள். உருளையில் தளர்வாக விழும் ஒரு சுற்றுதான் அடுத்த எறிதலில் முடிச்சாக வெளியே வருகிறது. முதல் நாளிலேயே இது பழக்கமாகட்டும்.

ஐந்தாம் படி: நரம்பும் முடிச்சும்

நரம்பு மூன்று வகை. நைலான் மோனோ நெகிழும், முடிச்சு நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. ஃபுளோரோகார்பன் நீரில் தெரிவது குறைவு; ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவு என்பதால் அப்படி. அடர்த்தியும் கூடியது, எனவே மூழ்கும். புழுவுக்கு அது நல்லது. பாப்பரின் மூக்கைக் கீழே இழுத்துவிடும் என்பதால் அதற்கு ஆகாது. மூன்றாவது பின்னல் நரம்பு: மெல்லியது, மிக வலுவானது, நெகிழவே நெகிழாது, மிதக்கும், நீரில் நன்றாகத் தெரியும்.

முதல் சில மாதங்களுக்கு 8 அல்லது 10 பவுண்டு மோனோ போதும். நான்கு இரைகளுக்கும் அது ஒத்துவரும். சிக்கினாலும் வெட்டி எறிந்துவிட்டு வேறு சுற்றலாம். கை பழகிய பிறகு உருளையில் 15 பவுண்டு பின்னல் நரம்பைச் சுற்றி, அதன் நுனியில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு 8 அல்லது 10 பவுண்டு ஃபுளோரோகார்பனைக் கட்டிக்கொள்ளுங்கள். அப்போது கைக்கு வரும் செய்தி எவ்வளவு கூடிவிட்டது என்று நீங்களே வியப்பீர்கள். உருளையை விளிம்புவரை நிரப்பாமல் இரண்டு மில்லிமீட்டர் இடம் விடுங்கள்.

முடிச்சுக்குப் பாலோமர் ஒன்றைக் கற்றால் போதும். நரம்பை ஒரு சாண் அளவு இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணுக்குள் நுழைத்துவிடுங்கள். இரட்டை நரம்பால் ஒரு சாதாரண முடிச்சை இறுக்காமல் போடுங்கள். நுனியில் இருக்கும் வளையத்துக்குள் முழு முள்ளையும் விட்டு எடுங்கள். எச்சிலால் நனைத்து, இரு நரம்பையும் சேர்த்து மெல்ல இறுக்குங்கள்.

நனைப்பதைத் தவறவிடாதீர்கள். ஒரு விடியற்காலையில், குளிரில் அவசரமாக, உலர்ந்தபடியே ஃபுளோரோகார்பனை இறுக்கிவிட்டு எறிந்தேன். நாணல் ஓரத்தில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. இழுத்தேன், நான் அதுவரை பார்த்திராத அகலமான ஒரு முதுகு நீருக்கு மேல் புரண்டது. அடுத்த நொடியில் கோல் நிமிர்ந்துவிட்டது. சுற்றி எடுத்துப் பார்த்தபோது நரம்பின் நுனி சுருண்டு சுருண்டு இருந்தது. அறுந்த நரம்பின் முனை நேராக இருக்கும். முடிச்சு நழுவினால்தான் அப்படிச் சுருளும். உலர்ந்த நரம்பு தன்மேல் தானே உரசிச் சூடாகி வலுவிழந்திருந்தது. அந்த மீன் என் முள்ளோடு போனது இன்றும் உறுத்துகிறது. முடிச்சு இறுகியதும் முள்ளை ஏதாவது ஒன்றில் மாட்டி வலுவாக இழுத்துச் சோதியுங்கள். உடைவதானால் அங்கேயே உடையட்டும்.

டிராக்கை நரம்பின் தாங்குசக்தியில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வையுங்கள். 10 பவுண்டு நரம்பு நாலரை கிலோ தாங்கும், ஆக ஒன்றேகால் கிலோ. ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் பிடித்த பாட்டிலின் கழுத்தில் நரம்பைக் கட்டி, கோலின் நுனியைப் பாட்டிலை நோக்கி நேராகத் தாழ்த்தித் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டுக் கிளம்பும்போது டிராக் மெல்ல நழுவத் தொடங்க வேண்டும். நழுவாவிட்டால் தளர்த்துங்கள், பாட்டில் அசையவே இல்லை என்றால் இறுக்குங்கள்.

தண்ணீருக்குப் போகும் நாள்

முன்னதாக ஒரு மாலை புல்வெளியில் முள் இல்லாத எடையைக் கட்டி எறிந்து பழகுங்கள். இருபதடி தூரத்தில் ஒரு வாளியை வைத்து அதைக் குறிபாருங்கள். தூரத்தைவிடக் குறி முக்கியம்; கட்டையிலிருந்து ஒரு முழம் தள்ளி விழும் இரையைப் பதுங்கியிருக்கும் மீன் பெரும்பாலும் தேடி வராது.

கூர்மூக்குக் குறடு, நரம்பு வெட்டி, ஒரு வலை, சிறிய மருந்துப் பை ஆகியவற்றை மறக்காதீர்கள். புறப்படும் முன் குறடால் முள்முனையை ஒட்டிப் பின்னோக்கி நீளும் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்தும் எளிதாகக் கழலும். உங்கள் விரலில் ஏறினாலும் எளிதாக வரும்.

நீர் குளிர்ந்திருக்கும்போது மெதுவாக. வெதுவெதுப்பாக இருக்கும்போது வேகமாக. நீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறும் காலத்தில் ஆண் மீன் ஆழமற்ற அடியில் கூடு துடைத்து முட்டைகளைக் காவல் காக்கும். அப்போது அதைப் பிடித்து நெடுநேரம் வைத்திருந்தால் சிறு மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். அந்த வாரங்களில் வெறுமையான வட்டங்கள் தெரியும் ஓரத்தை நான் விட்டு விலகிவிடுவேன்.

மீன் கைக்கு வந்ததும் கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடியுங்கள். சிறிய மீனை நேராகத் தொங்கவிடலாம். ஒரு கிலோவுக்கு மேற்பட்டதைத் தாடையில் மட்டும் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால் தாடை எலும்பு சேதமாகும். இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள். விடுவதானால் நீருக்குள் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, அது தானே வாலடித்துப் போகும்வரை காத்திருங்கள்.

பிறகு கடைசி ஒரு மீட்டர் நரம்பை விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பாருங்கள். பாஸின் தாடை மணல்தாள் போலச் சொரசொரப்பானது, நரம்பை உரசியிருக்கும். எங்காவது சொரசொரப்புத் தட்டினால் அதற்கு மேலே வெட்டி, நனைத்து, மறுபடி முடிச்சுப் போடுங்கள். அதே கட்டையின் ஓரத்துக்கே மீண்டும் எறியுங்கள். அங்கே இன்னொன்று இருக்கலாம்.